பொறுப்பெடுக்க ஆள் தேடிய சனிக்கிழமைகள்

தலைமைத்துவம் படிப்பிக்கிற தொழிலில் உள்ள பெரிய சங்கடம், படிக்க வருகிற எல்லாரும் வீட்டிலும் வேலையிலும் ஏற்கெனவே பத்துப் பேரை மேய்த்துக்கொண்டிருப்பவர்கள் என்பதுதான். ஆனால் "நீங்கள்தான் தலைவர்" என்று வாய்திறந்து சொல்லிவிட்டால் மட்டும், ஏதோ நோய் வருத்தம் இருக்கிறதென்று டொக்டர் சொன்ன மாதிரி முகம் வாடிப்போவார்கள்.

நான் தாதியாக இருந்து, பிறகு தாதியருக்குப் படிப்பிக்கிறவளாகி, கடைசியில் யாழ்ப்பாணத்தில் சுகாதார உத்தியோகத்தர்களுக்குத் தொடர்கல்வி நடத்தி, ஓய்வுபெற்று இளைப்பாறினவள். எல்லாருக்கும் நான் 'ரியூட்டர் மிஸ்'. உங்களில் யாராவது பயிற்சிச் செயலமர்வு நடத்தியிருந்தால், அல்லது அதைவிடப் பாவமாக, செயலமர்வுக்கு அனுப்பப்பட்டிருந்தால், இதைப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து நான் சொல்லுகிற மாதிரி நினைத்து வாசியுங்கள். பிரிஸ்டல் போர்ட், மை காய்ந்த மார்க்கர், மத்தியானம் சாப்பிட்ட பிறகு வைக்கிற லெக்சர், இவற்றையெல்லாம் அனுபவித்த நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது?

இப்போது இந்த வகுப்புகள் எல்லாம் சூமில் நடக்கின்றன. கறுப்புப் பெட்டிகளாக ஆட்கள் இருப்பார்கள். யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். 'கேட்குதோ?' என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். இளைப்பாறிய பிறகும் ஒன்றிரண்டு தரம் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன். கட்டைவிரல்களுக்குப் படிப்பித்துவிட்டு எழும்பும்போது எனக்கு அந்தப் பழைய மண்டபம்தான் ஞாபகம் வரும். அதிலும், பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்து வகுப்பு. நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். வயது போனால் அப்படித்தான் என்கிறார்கள்.

அந்த வகுப்புக்கு ஒரு அவசரமும் இருந்தது. கடல்நீரேரிப் பக்கமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே பிள்ளைப்பேறு வாட்டைப் பொறுப்பாக நடத்திவந்த தலைமைத்தாதி, நாங்கள் சிஸ்டர் என்போம், மகளோடு இருக்கவென்று கனடாவுக்குப் போய்விட்டார். மிஞ்சியவர்களில் பொறுப்பெடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். இருவரும் என் வகுப்பில் இருந்தார்கள். வகுப்பு முடிகிற நாளுக்குள் இருவரில் ஒருவர் 'ஓம்' சொல்லாவிட்டால் வாட்டை மூடிவிடுவதென்று மேலிடம் முடிவெடுத்திருந்தது. ஆட்டோ ஓடப் பெற்றோல் இல்லாத நாட்களில், நோவெடுத்த ஒரு பெண் அங்கேயிருந்து பட்டினத்துக்கு எதில் வருவாள்? அந்த ஒரு 'ஓம்' என்ற சொல்லை வாங்கித் தருவதுதான் எனக்குத் தந்த வேலை. பெரிய வேலையா என்று நினைத்துத்தான் நானும் ஏற்றுக்கொண்டேன்.

முன்வரிசை

முதல் சனிக்கிழமை மண்டபத்துக்குள் போனால், பின்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். முன்னால் மூன்று வரிசையும் வெறுங்கதிரை. விசாரித்தேன். முதல் வரிசை டொக்டர்மாருக்காம், அடுத்தது சிஸ்டர்மாருக்காம், அதற்கடுத்தது 'ஆரும் பெரியாக்கள் வந்தாலும்' என்று விட்டதாம். வகுப்பில் இருந்ததே ஒரு டொக்டர்தான். கஜன் என்று, நான் சொன்ன அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வைத்தியர், இளம் வயது, கொஞ்சம் தொந்தி வைத்தவர். அவர் அரியாலையில் இருந்து சைக்கிளில் வியர்க்க வியர்க்க வந்து, வெறுங்கதிரைகளைக் கண்டு, யாரோ அதிதிகள் வரப்போகிறார்கள் என்று நினைத்து நேரே கடைசி வரிசைக்குப் போய்விட்டார். உடனே கடைசி வரிசை முழுவதும் எழும்பிச் சுவரோரமாக நின்றது.

'முன்னுக்கு வாங்கோ, முன்னுக்கு வாங்கோ' என்று கூப்பிட்டு எனக்குத் தொண்டை வரண்டுபோனது. யாரும் அசையவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், வகுப்புக்கே 'நாதன் அண்ணை', அவர்தான் எழும்பி ஒரு வழி சொன்னார். அதில் நியாயம் இருந்தபடியால் அந்த வகுப்பு முடியும்வரை மண்டபத்தின் பின்பக்கத்தில்தான் நடந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மிஸ், நாங்கள் இவ்வளவு பேர் எழும்பி வாறதை விட, நீங்கள் தனிய ஒராள்தானே, நீங்கள் இஞ்சாலை வாங்கோவன்."

அக்காவும் தங்கச்சியும்

இனி அந்த இருவரையும் சொல்லவேண்டும். மூத்தவர் பரமேஸ்வரி. அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். அந்த வாட்டிலேயே காலம் முழுவதும் நின்றவர். மெல்லத்தான் கதைப்பார், பக்கத்தில் மின்விசிறி சுற்றினால் அவர் சொல்வது கேட்காது. இளையவர் றெஜினா. குருநகர், கடல்தொழில் செய்கிற வீடு. பிள்ளைப்பேறு பார்ப்பதில் விசேடமாகப் படித்துத் திரும்பியவர். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் இருப்பார், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவார். பரமேஸ்வரி என்னிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்: "எனக்கு வாட்டைத் தெரியும் மிஸ். ஆனால் பிள்ளைப்பேறு அவளுக்குத்தான் தெரியும். அவள் எடுக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்லமுடியும்? ஆனால் எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியும்தானே. மூத்தவர் ஒருவர் கதிரையைக் காட்டி 'நீ இரு' என்றால் இருக்கக்கூடாது. அது மரியாதைக்குச் சொல்வது. 'இல்லை, நீங்கள் இருங்கோ' என்று நாங்கள் சொல்லவேண்டும். அவர் திரும்பச் சொல்வார். நாங்கள் திரும்ப மறுக்கவேண்டும். கடைசியில் இரண்டு பேரும் நிற்க, கதிரை சும்மா இருக்கும். அக்கா 'நீ எடு' என்று எத்தனை தரம் சொல்கிறாரோ, அத்தனை தரமும் அது மரியாதைதான் என்று தங்கச்சிக்கு இன்னும் நிச்சயமாகிக்கொண்டு போனது. அக்கா உண்மையாகத்தான் சொல்கிறார் என்று காட்ட அக்காவிடம் வேறு சொல் இல்லை.

இதற்குள் வாட்டு தலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து அலுமாரித் திறப்புச் சாவியைக்கூட இருவரும் தங்களிடம் வைத்திருக்கமாட்டார்களாம். சுவரில் முருகன் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் ஒரு ஆணி அடித்து அதில் கொழுவிவிட்டிருந்தார்கள். 'இப்ப எங்கடை வாட்டுக்கு அவை ரெண்டு பேரும்தான் பொறுப்பு' என்று டொக்டர் கஜன் நக்கலடித்தார். நான் றெஜினாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா மனதாரத்தான் சொல்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு சொன்னார்: "அக்கா இருக்கேக்கை நான் எடுத்தால், அக்காவை மிதிச்சுப்போட்டு ஏறினவள் எண்டுதான் மிஸ், நான் சாகும்வரைக்கும் சொல்லுவினம்."

வெளியில் போனவர்

செயலமர்வு கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழுக்குழுவாகப் பிரித்து, 'ஒரு குழுத்தலைவரைத் தெரிவுசெய்யுங்கோ' என்றால் முதலில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு மேசையைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கைகழுவவோ தொலைபேசி எடுக்கவோ வெளியே போவார். அவ்வளவுதான், அவர் திரும்பி வரும்போது கைதட்டி வரவேற்பார்கள், அவர்தான் தலைவர். இந்தச் சூத்திரம் எல்லாருக்கும் பிடிபட்ட பிறகு என் வகுப்பில் ஒருவரும் கதிரையை விட்டு எழும்புவதில்லை. சமையல் காஸ் இல்லாத காலம், விறகில் வைத்த வெறுந்தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் வெளி விறாந்தையில் வந்திறங்கும். அந்தப் புகைமணம் பிடித்த தேத்தண்ணீரின் ருசி எனக்கு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. அதற்குக்கூட முதலில் எழும்ப ஆளில்லை, எல்லாரும் ஒன்றாக எழும்புவார்கள்.

நாதன் மட்டும் இடையிடையே போவார், வருவார். ஒருநாள் இடைவேளையில் என்னிடம் வந்து, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு ஒரு முறைப்பாடு செய்தார்: "மிஸ், எனக்குச் சீனி வருத்தம். அடிக்கடி வெளியிலை போகாமல் இருக்கேலாது. இந்த வகுப்பிலை தலைமைப் பதவி எனக்கில்லை, என்ரை வருத்தத்துக்குத்தான் கிடைக்குது."

சம்பலுக்கு ஒரு பாராட்டு

ஒருவருடைய பிழையை மனம் நோகாமல் சொல்வது எப்படி என்றும் ஒரு பாடம் இருந்தது. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் பிழை, முடிவில் இன்னொரு பாராட்டு. கொழும்பில் இருந்து வந்த குறிப்பு அப்படித்தான் சொன்னது. எங்கள் ஆட்களைப் பாராட்டினால் அந்த நிமிடமே உசாராகிவிடுவார்கள் என்பது கொழும்புக்குத் தெரியவில்லை. உதாரணத்துக்கு நான் றெஜினாவைப் பார்த்து, 'நீர் இண்டைக்கு நேரத்துக்கு வந்தது நல்ல விசயம்' என்று தொடங்கினேன். அவர் பதறி எழும்பி, 'ஐயோ மிஸ், ஆருக்கு என்ன நடந்தது?' என்றார்.

இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். நாதன் பாவம், சொன்னதைச் செய்கிற மனுசன். இராச்சாப்பாட்டில் மனைவியைப் பார்த்து, 'புட்டு நல்ல பதம். சம்பலுக்கு உப்பு கொஞ்சம் கூட. ஆனால் நீர் பரிமாறுற விதம் அருமை' என்று ஒழுங்குமுறை தவறாமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அகப்பையை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்து, 'உந்தக் கதையை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?' என்று கேட்டாராம். இவர் மறைக்கத் தெரியாமல் என் பெயரைச் சொல்லிவிட்டார். மறுமொழியை அடுத்த சனிக்கிழமை வகுப்பு முழுவதும் கேட்க நாதனே ஒப்புவித்தார்: "அப்ப இனிச் சம்பலையும் அந்த மிசியையே அரைச்சுத் தரச் சொல்லுங்கோ."

டொக்டர் வேசம்

ஒருவருடைய வேலையை இன்னொருவர் நடித்துப் பார்க்கவேண்டும் என்பது மற்றொரு கிழமைப் பாடம். துண்டு குலுக்கிப் போட்டோம். நாதனுக்கு வாட்டு சிஸ்டர். டொக்டர் கஜனுக்கு நோயாளியின் மாமியார். அவர் ஒரு துவாயை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தும்மல் வேறு பழகிக்கொண்டு தயாரானார். பரமேஸ்வரிக்கு விழுந்தது டொக்டர். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. காகத்தைக்கூடச் சத்தம் போட்டுக் கலைக்காத மனுசி, இவர் என்ன டொக்டர் நடிப்பது என்று துண்டை மாற்றக்கூடப் பார்த்தேன்.

ஸ்டெதஸ்கோப் கழுத்தில் விழுந்ததுதான் தாமதம். மேசையில் ஒரு அடி. "உந்த றிப்போட் எங்கை? நேற்றுச் சொன்னனான் எல்லே? இஞ்சை ஆருக்கும் காது இல்லையோ?" வெற்று மூக்கில் இருந்து இல்லாத கண்ணாடியைக் கழற்றி ஆட்களைப் பார்த்துக் குத்துவதுபோல நீட்டினார். நாதன் வேசத்தை மறந்து, 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்' என்று உண்மையாகவே பயந்து சொன்னார். மண்டபம் சிரிப்பை அடக்கப் பட்டபாடு சொல்லமுடியாது, ஏனென்றால் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் குத்துகிறவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். மாமியார் முக்காட்டை மெல்ல விலக்கிக்கொண்டு எழும்பினார். "பரமேஸ் அக்கா, நான் அப்பிடியோ கத்துறனான்?" பரமேஸ்வரி ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தார். குரல் பழையபடி இறங்கிவிட்டது. "இல்லை டொக்டர். வகுப்புத்தானே எண்டு நான் கொஞ்சம் குறைச்சுத்தான் செய்தனான்."

முந்தாத சைக்கிள்கள்

களப்பயணத்துக்கு நான் வேண்டுமென்றேதான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் தெரிவுசெய்தேன். வாட்டுக்குள் வைத்து இரண்டு பேரையும் கதைக்கவிட்டால் ஒரு முடிவு வரும் என்று நப்பாசை. வகுப்பு முடிகிற நாளும் கிட்டிவிட்டது. வாகனம் கேட்கவே முடியாது, அச்சுவேலி வரைக்கும் பஸ்ஸில் போனோம். அங்காலே போக, பரமேஸ்வரி அயல் முழுக்கக் கேட்டுச் சைக்கிள் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றுக்கு மணி இல்லை, ஒன்றுக்கு மட்காட் இல்லை, எனக்குக் கிடைத்ததில் வெங்காயச் சாக்குக் கட்டின கயிறு அப்படியே தொங்கியது. தெருவில் ஒரு மோட்டார் வண்டிகூட இல்லை. உப்புக்காற்று எதிரே அடித்தது. நீரேரியில் கொக்குகள் நின்றன. சைக்கிளுக்குச் சைக்கிள் கதைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரிப் போனோம். அப்படி ஒரு பயணம் எனக்கு இனி வாய்க்காது. அந்தக் கஷ்டகாலம் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்படக்கூடாது, அது தெரியும், ஆனாலும் அந்த ஒரு காலைமட்டும் திரும்பி வந்தால் ஆகாதா என்றிருக்கும்.

கொஞ்சத்தூரம் போனபிறகுதான் கவனித்தேன். வகுப்பு முழுவதும் ஆமைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போனவர் டொக்டர் கஜன். அரியாலையில் இருந்து வகுப்புக்கு வருகிற தூரத்துக்கு மேல் மிதித்தறியாதவர், எதிர்க்காற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தார். அவரை முந்தலாமா? டொக்டரை விட்டுவிட்டு முன்னால் போவதா? ஒருவருக்கும் மனம் வரவில்லை. றெஜினா பிறேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தார். நடந்துபோன ஒரு கிழவர் எங்களைச் சாவதானமாகக் கடந்துபோனார். பாலத்தடியில் டொக்டர் காலை ஊன்றித் திரும்பினார். முகம் சிவந்து, சேட் நனைந்து, கும்பிடாத குறை. "ஆராவது ஒராள் என்னை முந்திப் போங்கோ. பின்னாலை நீங்கள் எல்லாரும் வாறியள் எண்டுதான் நான் நிப்பாட்டாமல் மிதிக்கிறன். எனக்குச் சீவன் போகுது."

அன்று பின்னேரம்

மத்தியானம் சந்நிதி முருகன் கோயிலடி மடத்தில் அன்னதானம். றெஜினா இரண்டாந்தரமும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'மாதா கோவிக்கமாட்டாவோ?' என்று நாதன் சீண்டினார். நல்ல மனநிலையோடுதான் எல்லாரும் வாட்டுக்குப் போனோம். நான் கதையைத் தொடங்குமுன் வெளியே லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தின் சத்தம் கேட்டது. பின்னால் பூட்டிய பெட்டிக்குள் பாய் விரித்து ஒரு பெண்ணைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை சுகமாகப் பிறந்தது, பெண் குழந்தை. நாங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்ததென்று நான் கண்ணால் கண்டேன். பரமேஸ்வரி டொக்டரின் முகத்தைப் பார்த்தார். றெஜினா பரமேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். டொக்டர் எல்லாவற்றையும் தானே செய்ய வெளிக்கிட்டு எதையும் செய்துமுடிக்காமல் நின்றார். எல்லாருக்கும் வேலை தெரியும், சொல்லுகிற ஆள்தான் இல்லை. ஒரு மூச்சு நேரம்தான் அது.

பிறகு ஒரு குரல் வந்தது. வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற குரல். "அக்கா, வயித்தைத் தேய்யுங்கோ, கையை எடுக்காதேங்கோ! டொக்டர், மற்றக் கையிலையும் சேலைன் ஏத்துங்கோ. நாதன் அண்ணை, அம்புலன்சுக்குப் போன் அடியுங்கோ. மிஸ், வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறியள், அரக்குங்கோ!" றெஜினா ஊசியை ஏற்றிக்கொண்டே ஏவினார். பரமேஸ்வரி மறுபேச்சில்லாமல் தேய்த்தார். டொக்டர் 'ஓம், ஓம்' என்று சேலைன் ஏற்றினார். தலைமைத்துவம் படிப்பித்த நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அம்புலன்ஸ் வந்து சேரும்போது இரத்தம் நின்று, அந்தப் பெண் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கேட்டாள்.

அம்புலன்ஸ் போன பிறகு பைப்படியில் றெஜினா கைகழுவிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ஒரு உயிர் தப்பிய ஆறுதலில் அழுகிறார் என்று நினைத்தேன், எனக்கும் கண் நிறைந்தது. இனிச் சரி, 'ஓம்' வந்துவிடும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டபோது, இருந்த நம்பிக்கையும் போய்விட்டது: "எல்லாருக்கு முன்னாலையும் அக்காவை ஏவிப்போட்டன் மிஸ். இனி எந்த முகத்தோடை நான் அக்காவுக்கு முன்னாலை நிக்கிறது?"

கடைசிச் சனிக்கிழமை

சான்றிதழ் கொடுக்கிற நாளன்று மேலதிகாரி வந்தார். கெட்ட மனுசனில்லை. வாட்டை மூடுவது அவருக்கும் விருப்பமில்லை, ஆனால் பொறுப்பாளர் இல்லாமல் ஒரு பிள்ளைப்பேறு வாட்டை நடத்தினால் நடக்கக்கூடியதை அவரும் கேள்விப்பட்டிருந்தார். களப்பயணத்தன்று நடந்ததை டொக்டர் கஜன் ஒளிக்காமல் சொல்லி, 'றெஜினாதான் சரியான ஆள் சேர்' என்றார். மேலதிகாரி பரமேஸ்வரியைப் பார்த்தார். "நீங்கள்தான் மூத்தவ. நீங்கள் என்ன சொல்லுறியள்?" பரமேஸ்வரி, வழக்கம்போல, "றெஜினா எடுக்கட்டும் சேர்." அவர் றெஜினாவைப் பார்த்தார். றெஜினா நிமிரவேயில்லை. "அக்கா இருக்கேக்கை நான் மாட்டன் சேர்." அத்தனை சனிக்கிழமையும் நான் கேட்ட அதே பாட்டு. அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப திங்கக்கிழமையோடை மூடுவம். எனக்கு வேறை வழியில்லை." எழும்பிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மரியாதை பார்த்துப் பார்த்தே ஒரு வாட்டைச் சாகக் கொடுக்கப்போகிறீர்களே, பாவிகளே என்று கத்தவேண்டும்போல இருந்தது.

அப்போது பரமேஸ்வரி எழும்பினார். சேலையைச் சரிசெய்துகொண்டு, கதிரைகளுக்கு நடுவால் நடந்து, மற்றக் கரையில் இருந்த றெஜினாவுக்கு முன்னால் போய் நின்றார். காலையில் வாட்டு சிஸ்டர் வந்ததும் தாதிமார் கையை முன்னால் கட்டிக்கொண்டு எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றார். தங்கச்சி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லி அவர் றெஜினாவைக் கூப்பிட்டு ஒருவரும் கேட்டதில்லை.

"சிஸ்டர், திங்கக்கிழமை காலமை எனக்கு என்ன வேலை?"

மின்விசிறிச் சத்தத்தையும் மீறி அது எல்லாருக்கும் கேட்டது. றெஜினா துடித்து எழும்பினார். "அக்கா, ஐயோ, அப்பிடிக் கேளாதேங்கோ." பரமேஸ்வரி அசையவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூத்தவர் ஒன்றைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லலாம், எங்கள் ஊரில் அது மரியாதை. ஆனால் மூத்தவர் ஒன்றைக் கேட்டு, சபைக்கு நடுவில் நின்றுகொண்டிருக்க, மறுமொழி சொல்லாமல் விடமுடியாது. அதைப்போல அவமரியாதை வேறில்லை. 'நீ எடு, நீ எடு' என்று சொல்லிச் சொல்லி அலுத்த மனுசி, கொடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டுவிட்டார்.

மேலதிகாரி நின்ற நிலையில் நின்றார். றெஜினாவின் கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. பரமேஸ்வரி மெல்லச் சொன்னார். "எனக்கு நிண்டு நிண்டு கால் உழையுது சிஸ்டர். சொல்லுங்கோ."

றெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, விக்கலுக்கு நடுவே, வாட்டில் நின்று சொல்வதுபோலவே சொன்னார். "நீங்கள்... பிறந்த பிள்ளையளைப் பாருங்கோ அக்கா. பஸ் இல்லையெல்லோ, ஆறுதலாய் மெல்ல வாங்கோ. நீங்கள் வருமட்டும் நான் நிப்பன்."

"ஓம் சிஸ்டர்."

மேலதிகாரி மெல்லத் திரும்பவும் இருந்தார். நாதன் வெளியே போகாமலேயே மூக்கைச் சிந்தினார். டொக்டர் கஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு அதை ஒருவருக்கும் குத்தவில்லை. அந்த வாட்டு இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. அத்தனை சனிக்கிழமையும் தலைமைத்துவம் என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கதைத்த வகுப்பில் உருப்பட்ட ஒரே பாடத்தைப் படிப்பித்தவர் பரமேஸ்வரி, சான்றிதழில் கையெழுத்து வைத்து அவருக்கு அதைக் கொடுத்தவளோ நான்.